இந்த வருஷத்துக் கலர்

"இதக் கொஞ்சம் புடிங்க," என்று கைப்பையை அவரிடம் நீட்டினாள் மனைவி. "கண்ணாடி உள்ள இருக்கு. பிஸ்கட் பாக்கெட்ல பாதி இருக்கு, தின்னு தீத்துடாதீங்க. போயிட்டு வந்து சாப்பிடுவேன்."

அவர் பையை வாங்கி ஜிப்பை இழுத்தார். அது முக்கால் தூரம் வந்து நின்றுகொண்டது. மூன்று விரல் அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்பது அந்தப் பையின் குணம்.

"ஊருக்கெல்லாம் ஜிப் மாத்திக் குடுக்கறீங்க. வீட்டுக்காரி பைக்கு மாத்த நாலு வருஷமா நேரமில்ல."

"நாளைக்குப் பாத்துடலாம்மா."

"உங்க நாளைக்கு எந்தக் காலண்டர்லயும் வராது," என்றாள் அவள். புறப்படும்போது விசில் ஊதப் பக்கத்தில் நின்ற விசில்காரர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்துக்கொண்டே மேடையின் விளிம்புக்குப் போனாள்.

அவர் தையல்காரர். கடைத்தெருவின் கோடியில் ஒரு மெஷின், ஒரு மேசை, ஒரு ஸ்டூல் கொள்ளுமளவுக்கு ஒரு கடை. சட்டை தைக்கக் கொடுத்தவர் வந்து கேட்டால் தலையை நிமிர்த்தாமல் "நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்குப் போனால் "பட்டனுக்குக் காஜா மட்டும் பாக்கி" என்பார். கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டையைப் பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகு வாங்கிப் போனவர் உண்டு. தெரு அவருக்கு வைத்த பெயர் 'நாளைக்கு மாஸ்டர்'. ஆனால் அவர் போட்ட தையல் விட்டுவிட்டது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. துணி நைந்து போகும், தையல் நிற்கும்.

முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்து இருவரையும் அந்த மலை விடுதிக்கு அனுப்பினாள். அங்கே மரத்துக்கு மரம் பலகைப் பாலம், கயிற்று வலை, தொங்கும் ஏணி எல்லாம் உண்டு. கடைசியாகப் பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு கம்பி. இடுப்பில் வாரைக் கட்டி, அந்த வாரைக் கப்பியில் மாட்டி, கப்பியைக் கம்பியில் ஓடவிட்டால் ஆள் பறந்து எதிர்மலைக்குப் போய்விடலாம். ஜிப் லைன் என்று பெயர். மாஸ்டருக்கு ஸ்டூல் மேல் ஏறினாலே தலை சுற்றும்.

"வீட்ல பல்பு மாத்தறது யாரு? நான்தான?" என்றாள் மனைவி. "நான் போறேன். நீங்க இங்கயே நின்னு பையப் பத்திரமா பாத்துக்குங்க."

அந்த விடுதியைப்போலப் பாதுகாப்பை மதித்த இடம் உலகத்தில் இருக்க முடியாது. வாசலிலிருந்து மேடைவரை நாற்பது பலகைகள் அதைத்தான் சொல்லின. முதல் பலகை எல்லாவற்றையும்விடப் பெரியது: 'விபத்தில்லா நாட்கள் 1412'. எண்களைத் தினமும் காலையில் ஒருவர் ஏணி வைத்து மாற்றுவார். அந்த ஏணியின் மூன்றாம் படி உடைந்திருந்தது.

உள்ளே போனதும் படிவம். பதினொரு இடத்தில் கையெழுத்து. பிறகு பாதுகாப்பு உரை, சரியாக முப்பத்தொன்பது நிமிடம். உரையாற்றியவர் பாதுகாப்பு மேலாளர். நெஞ்சில் நான்கு பேட்ஜ், இடுப்பில் ஐந்தாறு கொக்கி. எந்தக் கொக்கியிலும் எதுவும் மாட்டியிருக்கவில்லை. உரை முடிந்ததும் எல்லோரும் எழுந்து நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி எடுத்தார்கள். "என் பாதுகாப்பு என் பொறுப்பு. என் மகிழ்ச்சி விடுதியின் பொறுப்பு." குரல் சரியாக எழும்பவில்லை என்று மேலாளர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மாஸ்டரும் சொன்னார். பறக்கப் போகாதவரும் சொல்லத்தான் வேண்டுமாம்.

இவ்வளவும் முடிந்து, வார் கட்ட ஆன நேரம் நாலு நொடி.

அந்த நாலு நொடியில் மாஸ்டரின் கண் வாரின் தையலில் விழுந்தது. வார் பழையது, ஓரமெல்லாம் பஞ்சு கிளம்பியிருந்தது. தையல் மட்டும் புத்தம் புதிதாக, பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அந்த நூல் அவருக்குத் தெரியும். அவர் கடையில் மூன்றாவது இழுப்பறையில் இருக்கிற நூல். ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிற நூல்.

"சார், இந்தத் தையல்..." என்று ஆரம்பித்தார்.

"மஞ்சள் சார்!" என்றார் மேலாளர், தன் குழந்தையின் மதிப்பெண்ணைச் சொல்கிறவரைப்போல. "இந்த வருஷத்துக் கலர். செக் பண்ணியாச்சு."

இருபத்தெட்டு வருஷம் நூலோடு குடித்தனம் நடத்தியவர், நாலு பேட்ஜைப் பார்த்ததும் தன் கண்ணை நம்பாமல் விட்டார். பெரிய இடம், தெரியாமலா செய்வார்கள் என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டார்.

விசிலை ஊதினார்கள். அவள் ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே போனாள். பள்ளத்தாக்கின் நடுவில் மஞ்சள் நூல் விட்டது. கப்பி மட்டும் பாதி வாரைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்பியில் ஓடி எதிர்மேடையைத் தொட்டது. அங்கே ஆள் வந்துசேர்ந்ததும் தானாக அடிக்கிற மணி ஒன்று உண்டு. அது அடித்தது.

மாஸ்டர் பையைப் பிடித்தபடி நின்றார்.

பதினைந்து நாள் கழித்து மாஸ்டர் அந்த விடுதிக்குத் திரும்பப் போனார். மகள் வேண்டாம் என்றாள். அவருக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்த வார்களையெல்லாம் கழற்றிப் போடச் சொல்ல வேண்டும். அன்றைக்குத் திறக்காத வாயை இன்றைக்காவது திறக்க வேண்டும். காவல் நிலையத்தில் கேட்டதற்கு, இது தொழில்நுட்ப விஷயம், நிபுணர் குழு அறிக்கை வரட்டும் என்று சொல்லி, கீழே கிடைத்த பாதி வாரை 'விடுதியின் உடைமை' என்று சீட்டு ஒட்டி விடுதிக்கே பத்திரமாக அனுப்பிவைத்திருந்தார்கள்.

போகும்போது மனைவியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான்.

வாசல் பலகையில் 1427 என்றிருந்தது.

அவர் நின்று கணக்குப் போட்டார். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டும் பதினைந்தும். சரியாகத்தான் இருந்தது.

முதலில் அவரை உட்காரவைத்தவர் விருந்தினர் மகிழ்ச்சி அதிகாரி. நல்ல பெண்மணி, முகத்தில் மகிழ்ச்சியை மாட்டி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், இப்போது கழற்ற வரவில்லை.

"உங்க வருத்தத்துல நாங்களும் பங்கெடுத்துக்கறோம் சார். உங்க அனுபவம் எங்களுக்கு ரொம்ப முக்கியம்," என்று ஒரு தாளை நீட்டினார். உணவு, அறை, ஊழியர் பண்பு, சாகசம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம்.

"எனக்கு அந்த வாரப் பத்திப் பேசணும்மா."

"அது 'சாகசம்'ல வரும் சார். பிடிக்கலன்னா ஒரு ஸ்டார் போடுங்க, நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம். சொல்லப்போனா, ஒரு ஸ்டார் போட்டவங்களுக்கு நாங்களே ஒரு இலவச அனுமதி தர்றோம்." அவர் இழுப்பறையிலிருந்து தங்கநிற அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். "ரெண்டு பேருக்கு."

மாஸ்டர் அட்டையைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கா?"

"ஆமா சார். தம்பதியா வர்றவங்களுக்குத்தான் இது," என்றவர், கொஞ்சம் யோசித்து, "உங்களுக்குன்னா தனியாவும் செல்லும், நான் பேசிக்கறேன்," என்று தாராளமாகச் சொன்னார்.

அங்கிருந்து அவரைப் பாதுகாப்பு மேலாளரிடம் அனுப்பினார்கள். அறையில் சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். ஒன்றிரண்டு, சான்றிதழ்களை ஒழுங்காக மாட்டிவைத்ததற்காகக் கொடுத்தவை. மேலாளர் அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் மூளை வேண்டும்.

"பாருங்க சார், வருஷா வருஷம் ஆய்வு நடக்கும். ஆய்வு முடிஞ்ச பெல்ட்ல அந்த வருஷத்துக் கலர்ல தையல் இருக்கணும். போன வருஷம் சிவப்பு. இந்த வருஷம் மஞ்சள். ஆய்வாளர் வந்து கலர் அட்டையப் பக்கத்துல வெச்சுப் பாப்பார். ஒரு இழை சிவப்பு தெரிஞ்சாப் போச்சு, பெல்ட் ஃபெயில்."

"அப்ப அந்தச் சிவப்புத் தையல என்ன பண்ணுவீங்க?"

"பிரிச்சிடுவோம்."

"அடையாளத்துக்கு மேல போட்ட தையல மட்டும்தான?"

"அய்யோ, இல்ல சார். எல்லாத்தையும். பாதுகாப்புல நாங்க அரைகுறையா எதையும் செய்யறதில்ல."

மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "செஞ்ச கம்பெனிலயே போட்டிருப்பாங்களே, கெட்டித் தையல்..."

"அது கறுப்பு சார். கறுப்பு எந்த வருஷத்துக் கலரும் கிடையாது. மொத வருஷமே பிரிச்சாச்சு. அதுக்கே எங்களுக்கு ஒரு விருது குடுத்தாங்க," என்று சுவரைக் காட்டினார்.

"தைக்கிறது யாரு?"

"தலையணை உறை தைக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. நல்லா நெருக்கமா தைப்பாங்க."

"எந்த நூல்ல?"

மேலாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். துக்கத்தில் மனுஷருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருக்க வேண்டும். "மஞ்சள் நூல்ல சார்," என்றார் மெதுவாக.

மாஸ்டர் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "சார், நான் தையல்காரன். அந்த நூல் ஆள் தாங்காது. ஒரு பூனையத் தாங்காது. எல்லா வாரையும் கழட்டிப் போட்டுடுங்க. என் வீட்டுக்காரி போனது போகட்டும், இன்னொருத்தர்..."

"அங்கதான் சார் நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க," என்று மேலாளர் ஒரு பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். "இதப் பாருங்க. அன்னிக்குத் தேதி. உங்க மனைவி பேரு. புறப்பட்டார்: டிக். பத்திரமாகச் சேர்ந்தார்: டிக்."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். டிக் இருந்தது. அழுத்தமாக, அழகாக, வால் நீண்டு.

"இதப் போட்டது யாரு?"

"விசில்காரர். புறப்படற மேடையில."

"புறப்படறப்பவேவா?"

"ரெண்டு டிக்கும் அங்கயே போட்டுடுவோம் சார். எதிர்மேடையில பதிவேடு வெச்சா மழையில நனையுது. நாலு வருஷமா இந்த முறைதான், ஒரு தடவகூட தப்பு வந்ததில்ல. பதிவேட்ட எடுத்துப் பாருங்க, ஒரு ஆள்கூட சேராம இருந்ததில்ல."

"அவ சேரல சார்."

"நீங்க சொல்றீங்க. பதிவேடு வேற சொல்லுதே."

"அப்ப அந்த டிக்க அடிச்சிட்டு, விழுந்துட்டாங்கன்னு எழுதுங்க."

மேலாளர் உண்மையாகவே முயற்சி செய்தார். பக்கத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை விரித்தார். "அதுக்குக் கட்டமே இல்லையே சார்."

நிபுணர் குழு அடுத்த மாதம் கூடியது. விடுதியின் உணவகத்தில், ஜன்னலோர மேசையில். தலைவர் முப்பது வருஷம் தெருவிளக்குத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். ஆகவே உயரம் அவருக்கு அத்துப்படி என்று கருதினார்கள். இரண்டாவது உறுப்பினர் பெயிண்ட் கம்பெனிக்காரர், நிறங்களில் நிபுணர். மூன்றாவது உறுப்பினர் பாதுகாப்பு மேலாளரேதான். வார்களைப்பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

மாஸ்டரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். பையோடு போய் நின்றார்.

"சம்பவம் நடந்ததா நீங்க சொல்ற நேரத்துல எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் தலைவர்.

"புறப்படற மேடையில, சார்."

"எதிர்மேடையில இல்ல?"

"இல்ல."

"அப்ப அவங்க போய்ச் சேர்ந்தாங்களா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நடுவுல விழுந்தத என் கண்ணால பாத்தேன் சார்."

"நடுவுல என்ன நடந்ததுன்னு நான் கேக்கலையே," என்றார் தலைவர் பரிவோடு. "எதிர்மேடையில மணி அடிச்சதா?"

மாஸ்டர் பொய் சொல்லிப் பழகாதவர். நாளைக்கு என்று சொல்வது பொய்யில் சேராது. "அடிச்சது," என்றார்.

'மணி அடித்ததைச் சாட்சி ஒப்புக்கொண்டார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு நேரடிச் சோதனை. பெயிண்ட் கம்பெனிக்காரர் ஒரு வாரை எடுத்து, கலர் அட்டையை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் பார்த்து, "அருமையான மஞ்சள்," என்றார். அதன்பின் அதே வாரில் ஒரு மணல் மூட்டையைக் கட்டிக் கம்பியில் விடுவது என்று முடிவாயிற்று. மூட்டைக்குப் பதிலாக மேலாளர் பதினொரு இடத்தில் கையெழுத்துப் போட்டார். உறுதிமொழியையும் அவரே சொன்னார்.

விசிலை ஊதினார்கள். மூட்டை போயிற்று. பள்ளத்தாக்கின் நடுவில் மஞ்சள் நூல் விட்டது. மூட்டை கீழே போய்ப் பாறையில் விழுந்து வெடித்த சத்தம் கொஞ்சம் பொறுத்து மேலே வந்தது. கப்பி ஓடி எதிர்மேடையைத் தொட்டது. மணி அடித்தது.

மாஸ்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இப்போதாவது, என்று நினைத்தார்.

"பதிவேடு என்ன சொல்லுது?" என்று கேட்டார் தலைவர்.

விசில்காரர் பதிவேட்டைப் பார்த்தார். "சேர்ந்துச்சு சார்," என்றார்.

"சோதனை வெற்றி," என்றார் தலைவர். எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

தேநீருக்குப் பிறகுதான் தலைவர் தன் அனுபவமெல்லாம் திரட்டி ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தினார். "உங்க மேல எனக்கு அனுதாபம் உண்டு. ஒரு பேச்சுக்கு அவங்க விழுந்தாங்கன்னே வெச்சுக்குவோம். இந்த விடுதி குத்தகைக்கு எடுத்திருக்கறது தரையிலேருந்து இருபது அடிக்கு மேலதான். கீழ காடு, அது வேற துறை. விழுந்துட்டு இருக்கறவரைக்கும் அவங்களுக்கு ஒரு கீறல்கூட இல்ல. அத நீங்க ஒத்துக்குவீங்க. அடிபட்டது தரையில. எங்க எல்லையில இருந்தவரைக்கும் அவங்க முழுசா நல்லா இருந்தாங்க. இந்த விடுதிய நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு."

மாஸ்டர் எழுந்தார். இருபத்தெட்டு வருஷம் வாடிக்கையாளர் திட்டுக்கெல்லாம் தலை நிமிர்த்தாதவர், அன்று தலையை நிமிர்த்தி மூவரையும் நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனிடம் பேசலாம். அவனுக்குப் பூசணிக்காய் இருப்பதாவது தெரியும்.

குழு இரண்டு பரிந்துரை செய்தது. ஒன்று, உறுதிமொழியை இனி மூன்று முறை சொல்ல வேண்டும். இரண்டு, பொதுமக்களின் நம்பிக்கையை வலுப்படுத்த, அடுத்த வருஷத்துக் கலரான நீலத்தை உடனடியாக, விடுமுறைக் கூட்டம் வருவதற்குள், அமலுக்குக் கொண்டுவர வேண்டும். அறுபத்துநான்கு வாரிலும் மஞ்சளைப் பிரித்துவிட்டு நீலம் போட வேண்டும். அதுவரை கம்பி ஓடாது.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. தலையணை உறை தைக்கிற அம்மா, மூட்டை விழுந்த அன்றே ஊசியை மேசையில் குத்திவைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த விடுதியில் வெட்கப்பட்ட ஆள் அவர் ஒருவர்தான். தைக்க ஆள் வேண்டும். மகிழ்ச்சி அதிகாரிக்கு நினைவு வந்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்தாருக்கு வேலை வாய்ப்பில் முன்னுரிமை தருவது விடுதியின் கொள்கை. அப்படி ஒரு கொள்கை இருந்ததே தவிர, பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஒன்று இதுவரை இருக்கவில்லை.

மேலாளர் நேரில் கடைக்கு வந்தார். பேட்ஜ் ஐந்தாகியிருந்தது. கடையில் உட்கார இடமில்லாததால் நின்றபடியே பேசினார்.

"சார், கடவுளே உங்கள எங்களுக்குக் காட்டியிருக்கார். நீங்களே நூலப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவர். நீலத்துல தைச்சுக் குடுத்துடுங்க. உங்க கையால தைச்சா உங்களுக்கும் ஒரு மன ஆறுதலா இருக்கும்."

மகளும் அங்கேதான் இருந்தாள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தவள், கிண்ணத்தை மேசையில் வைத்த வேகத்தில் மூடி எகிறி விழுந்தது. "வெளிய போங்க," என்றாள்.

மாஸ்டர் மெஷினை விட்டுக் கையை எடுக்கவில்லை. "எல்லா வாரும் வருமா?" என்று கேட்டார்.

"அறுபத்துநாலும் வரும் சார். ஒண்ணு விடாம."

"ஒண்ணு விடாம கொண்டாந்து போடுங்க."

மேலாளர் போனதும் மகள் அவர் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, உங்களுக்குச் சூடு சொரணை இருக்கா இல்லையா? அம்மா விழுந்த கம்பிக்கு நீங்க பெல்ட்டு தைக்கப் போறீங்களா?"

"தைக்கக் குடுத்தா வாங்கி வெச்சுக்கறதுதான நம்ம தொழில்?"

"இதுக்கு அம்மா இருந்தா..."

"உங்கம்மா இருந்தா ஒண்ணு கேட்டிருப்பா," என்றார் அவர். "'உங்க வாழ்க்கையில எந்தத் துணியச் சொன்ன தேதிக்குக் குடுத்திருக்கீங்க'ன்னு."

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து கிண்ணத்தின் மூடியை எடுத்தாள்.

வார்கள் நான்கு சாக்கில் வந்தன. படம் எடுத்துக்கொண்டார்கள். மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மூன்றாவது சாக்கின் அடியில், காவல் நிலையச் சீட்டு இன்னும் ஒட்டியபடி, அவள் கட்டியிருந்த வார் இருந்தது. இரண்டு துண்டு, ஒரே கயிற்றால் கட்டி, ஒரு சீட்டு: 'சிறு பழுது. சேர்த்துத் தைக்கவும்.' விட்ட இடத்தில் மஞ்சள் நூல் இன்னும் நாலைந்து இழை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் ஓர் இழையை விரலில் சுற்றி இழுத்தார். சத்தமே இல்லாமல் அறுந்தது.

அன்றைக்கு அவர் வேறு யார் துணியையும் தொடவில்லை. சாப்பாட்டையும் தொடவில்லை. இரண்டு துண்டையும் மூன்றாவது இழுப்பறையில், மஞ்சள் நூல்கண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். மூட்டையோடு விட்டுப்போனதையும் சேர்த்து மற்ற அறுபத்துமூன்றையும் அலமாரியின் மேல்தட்டில் கூரைவரை அடுக்கினார். அதற்காக ஸ்டூல் மேல் ஏறினார். தலை சுற்றியது. சுற்றட்டும் என்று ஏறினார்.

பத்தாம் நாள் மேலாளர் வந்தார். "ரெடியா சார்?"

"நாளைக்கு வாங்க."

மேலாளர் நாளைக்கு வந்தார். மெஷின் ரிப்பேர். அடுத்த வாரம் வந்தார். நீலம் கிடைக்கவில்லை, கிடைத்த நீலம் கொஞ்சம் பச்சை அடிக்கிறது, ஆய்வாளர் ஒத்துக்கொள்வாரா? மேலாளருக்கு உடம்பு சிலிர்த்தது. "வேண்டாம் சார், சரியான நீலமே வரட்டும்," என்று அவரே சொன்னார். நீலம் வந்தது. அதற்குள் விடுமுறைக் கூட்டம் மலையேறி வந்து, கம்பியை அண்ணாந்து பார்த்து, முப்பத்தொன்பது நிமிட உரையைக் கேட்டு, மூன்று முறை உறுதிமொழி எடுத்துவிட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னிக்காவது முடிஞ்சுதா சார்?"

"எல்லாம் முடிஞ்சுது. காஜா மட்டும் பாக்கி."

"பெல்ட்டுக்கு எதுக்கு சார் காஜா?"

"தையல்காரன் நீங்களா, நானா?"

பக்கத்துக் கடையில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தவர் சிரித்தே விட்டார். "சார், நீங்க ஊருக்குப் புதுசா?" என்று மேலாளரைக் கேட்டார். "என் சட்டை உள்ள ரெண்டு வருஷமா இருக்கு. நான் ஒண்ணும் சொல்றேனா?"

மேலாளர் பொறுமையிழந்து, தைத்தது தைக்காதது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள் என்றார்.

"தாராளமா," என்றார் மாஸ்டர். "வேலை முடிஞ்சுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க."

அங்கேதான் மேலாளர் மாட்டிக்கொண்டார். பாதுகாப்பு மேம்பாட்டுக்காக வெளியே போன பொருள், மேம்பாடு முடிந்தாலொழிய உள்ளே வரக் கூடாது. அவரே எழுதிய விதி. அதற்கும் ஒரு விருது உண்டு. நீலம் இல்லாமல் முடிந்தது என்று எழுதினால் ஆய்வாளர் கண்டுபிடிப்பார். நிறத்தை மட்டும் அவர் கண்டுபிடித்துவிடுவார். புதிய வார் வாங்கலாமா என்றால், கையிருப்பில் அறுபத்துநான்கு நல்ல வார் இருக்கும்போது புதிது வாங்க வழியில்லை. பதிவேட்டில் அறுபத்துநான்கும் நல்ல வார்கள். ஒன்றுகூட விட்டதில்லை.

"சார், நீங்க கேட்டீங்களே, அந்த டிக்," என்று கடைசியாக ஒருநாள் மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "புதுப் பதிவேடு அச்சடிக்கச் சொல்றேன். 'சேரவில்லை'ன்னு ஒரு கட்டம் போட்டுடலாம். உங்க மனைவி பேரையும் அதுல மாத்தி எழுதிடறேன். பெல்ட்டக் குடுத்துடுங்க."

மாஸ்டர் முதன்முறையாக மெஷினை நிறுத்தினார். அந்த டிக்கை அடித்துவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் ஏங்கியவர். தலைக்கு மேலே அடுக்கியிருந்த அறுபத்துமூன்றையும் ஒருமுறை பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் இடுப்பு அளவுக்கு வளையம் இருந்தது.

"நல்ல யோசனை சார்," என்றார். "நாளைக்கு வாங்க, பேசலாம்."

மேலாளர் இப்போதும் வருகிறார். நாளைக்கும் வருவார். மலை விடுதியின் வாசலில் பலகை தினமும் மாறுகிறது; 1800ஐத் தாண்டிவிட்டதாகக் கேள்வி. அந்தப் பலகைக்கே தெரியாமல், கம்பி ஓடாத இந்தப் பல மாதமாக அதில் கூடுகிற நாளெல்லாம் உண்மை.

மெஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் அவள் பை தொங்குகிறது. உள்ளே கண்ணாடியும் பாதிப் பாக்கெட் பிஸ்கட்டும் இருக்கின்றன. கடையைப் பூட்டும் முன் மாஸ்டர் தினமும் அதன் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அது முக்கால் தூரம் வந்து, மூன்று விரல் அகலம் இருக்கும்போது நின்றுகொள்ளும்.